மங்காவில் இல்லையாம், தாண்டிவிட்டானாம்

"மாமா, இது மங்காவில் இல்லை."

நான்கே சொற்கள். சொல்லிவிட்டு என் அக்கா மகன் கட்டைவிரலால் திரையைத் தட்டினான். பத்து நொடி பறந்தது. மறுபடி தட்டினான். இன்னொரு பத்து நொடி. நேற்றிரவு சாப்பிட்ட தோசை எனக்கு இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது.

ஓடிக்கொண்டிருந்தது 2003-இல் வந்த பழைய ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட். மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதைப் புத்தகத்திலிருந்து எடுத்த அனிமே தொடர். ஆறாவது எபிசோட். மூன்று நாள் கெஞ்சி அவனை உட்கார வைத்தவன் நான். அவன் அதே கதையை 2009-இல் மறுபடி எடுத்த பிரதர்ஹுட்டில் பிறந்து வளர்ந்தவன். அது மங்காவை அப்படியே எடுத்தது, ஆகவே சரி. பழையது பாதி வழியில் வேறு பக்கம் போய்விட்டது, ஆகவே தப்பு. அவ்வளவுதான் அவன் வேதம். கையில் ஒரு பட்டியல் வேறு. எந்த எபிசோட் மங்காவில் முழுதாக உண்டு, எது பாதி, எது அறவே இல்லை என்று யாரோ ஒரு புண்ணியவான் ராத்திரி பகலாக உட்கார்ந்து பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்து வைத்திருக்கிறான். மஞ்சள் வந்தால் பையன் நிதானிக்கிறான். சிவப்பு வந்தால் தாண்டுகிறான். கதை பார்க்கிறானா, நாற்சந்தியில் வண்டி ஓட்டுகிறானா என்றே தெரியவில்லை.

அவன் தாண்டியது என்ன என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் யாரும் கேட்கத் தயாராக இல்லை.

கதைநாயகன் எட்வர்டுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். ராணுவ அதிகாரி ஹியூஸ் அவனையும் அவன் தம்பியையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அவர்கள் தங்கியிருக்கிற வீட்டுக் குழந்தை நீனாவும் கூட வருகிறாள். தட்டு. ஹியூஸின் மனைவி கிரேசியா நிறைமாதம். தட்டு. விருந்துக்கு நடுவே வலி எடுத்துவிடுகிறது. தட்டு. பெற்ற தாயை ரசவாதத்தால் மீட்கப் போய், ஒருவன் கையையும் காலையும் இழந்து, இன்னொருவன் உடம்பையே இழந்து, உயிர் மட்டும் ஓர் இரும்புக் கவசத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட இரண்டு மேதைகளும் ஒரு பிரசவ அறைக்கு வெளியே எதுவும் செய்யத் தெரியாமல் விழிக்கிறார்கள். தட்டு, தட்டு. மனிதனை உண்டாக்க முயன்று தோற்றவர்களின் கண்முன்னே, எந்த வட்டமும் வரையாமல், எந்தச் சூத்திரமும் இல்லாமல், ஒரு குழந்தை பிறக்கிறது. தட்டு.

எலிசியா பிறந்துவிட்டாள். பையனின் கட்டைவிரலுக்குக் கீழே, ஓர் அழுகைச் சத்தம்கூடக் கேட்காமல் பிறந்துவிட்டாள்.

"ஏண்டா தாண்டினாய்?"

"பட்டியலில் மஞ்சள் போட்டிருக்கிறது மாமா. இந்த இடம் மங்காவில் கிடையாது. எலிசியா மங்காவில் வரும்போதே வளர்ந்த குழந்தை."

நல்லது. மங்காவில் எலிசியாவின் மூன்றாவது பிறந்தநாள் வருகிறது, எட்வர்டின் தோழி வின்ரி அந்த விருந்துக்குப் போகிறாள். அப்போது எட்வர்டுக்கு வயது 15. பதினைந்திலிருந்து மூன்றைக் கழி என்றேன். பன்னிரண்டு என்றான். எட்வர்டின் எத்தனையாவது பிறந்தநாளை இப்போது நீ தாண்டினாய் என்றேன். பதில் இல்லை. மங்காவின் வயதுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்காமல், மங்காவின் ஆசிரியர் அரக்காவா ஹிரோமு வரையாமல் விட்ட ஒரு பனிக்கால இரவை அந்தப் பழைய குழு எடுத்து நிரப்பியிருக்கிறது. அதற்குப் பெயர் தப்பாம்.

பையன் சும்மா இருப்பானா? கைப்பேசியில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். நான் எப்போதும் புலம்பும் புலம்பல் ஒன்று உண்டு: பழையதில் ஹியூஸ் சாவது 25-ஆவது எபிசோடில், பிரதர்ஹுட்டில் 10-ஆவதிலேயே கொன்றுவிடுகிறார்கள், பழகவே விடவில்லை என்பது. அதற்கு வட்டியும் முதலுமாகப் பதில் வந்தது.

"மங்காவில் ஹியூஸ் சாவது நான்காம் தொகுதியில். மொத்தம் 27 தொகுதி. நான்கை 27-ஆல் வகுத்தால் 0.148. பிரதர்ஹுட் மொத்தம் 64 எபிசோட். பத்தை 64-ஆல் வகுத்தால் 0.156. கிட்டத்தட்ட சரியாக வருகிறது மாமா. இன்னும் கொஞ்சம் தாமதமாகத்தான் கொன்றிருக்கிறார்கள்."

ஒரு தொலைபேசிக் கூண்டில், மனைவியின் முகத்தைப் போட்டுக்கொண்டு வந்தவன் சுட்டுச் சாகிற மனிதனுக்குத் தசமத் திருத்தமாக விகிதம் போட்டுப் பார்த்த ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். இதில் எரிச்சல் என்னவென்றால், கணக்கு சரி. நானும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

சரி, உன் விசுவாசத்தையே தராசில் வைப்போம் என்று நானும் இறங்கினேன். பிரதர்ஹுட்டின் முதல் எபிசோட் எது? உறைபனி ரசவாதி ஐசக் மெக்டூகல் தலைநகரையே பனிக்கட்டியாக்கப் பார்க்கிற கதை. அந்த ஐசக் மங்காவில் எத்தனையாவது பக்கத்தில் வருகிறான்? எந்தப் பக்கத்திலும் வரவில்லை! அப்படி ஓர் ஆளே அதில் கிடையாது. மங்காவுக்கு உண்மையாக இருக்கப் போகிறோம் என்று கிளம்பியவர்கள் வாசற்படியிலேயே மங்காவில் இல்லாத ஒருவனை நிறுத்தி வரவேற்கிறார்கள். அதை நீ தாண்டினாயா? இல்லை, முழுதாகப் பார்த்தாய். ஏன்? அது 'அசல்' என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னும் இருக்கிறது. மங்காவின் மூன்றாவது அத்தியாயம் யூஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம். பழையதில் அதற்கென்று ஒரு முழு எபிசோட். பிரதர்ஹுட்டில்? பின்னால் அந்தச் சுரங்கத்தின் பழைய அதிகாரி யோக்கி தன் பழம்பெருமை பேசும்போது ஏதோ எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். நான்காவது அத்தியாயம் ரயில் கடத்தல். பழையதில் உண்டு. புதியதில் அந்த ரயில் கிளம்பவே இல்லை. ஊசி போகிற இடத்தைப் பார்ப்பார்கள், உலக்கை போகிற இடத்தைப் பார்க்கமாட்டார்கள் என்று என் பாட்டி சொன்னது யாரைப் பற்றி என்று நேற்றுதான் தெரிந்தது.

"அதெல்லாம் பழையதில் ஏற்கெனவே வந்துவிட்டதால் விட்டிருப்பார்கள் மாமா."

அப்படியானால் பழையதைப் பார்த்தவனுக்காக எடுத்ததுதானே அது? பார்க்காதே, தப்பு என்று சொல்லும் நீ யாரடா?

மங்கா தொடங்கியது 2001-இல். இரண்டே ஆண்டில் தொலைக்காட்சித் தொடர். கதை பாதிகூட வரவில்லை, முடிவு வரையப்படவே இல்லை. உங்கள் முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் அரக்காவாவே. அம்மா சமைத்து முடிக்கவில்லை, பசிக்கிற பிள்ளை தானே ஏதோ கிளறிச் சாப்பிட்டது, அம்மாவும் சாப்பிடு என்றுதான் சொன்னாள். பந்தியில் உட்காராத பக்கத்து வீட்டுக்காரனுக்கு இப்போது என்ன கோபம்?

இந்த மறுதயாரிப்புக்காரர்களுக்கு ஒன்று புரியவே மாட்டேன் என்கிறது. நீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். மங்காவில் அவள் கதை ஏறத்தாழ ஒரே அத்தியாயம். பிரதர்ஹுட்டில் ஒரே எபிசோட், நான்காவது. பார்த்தீர்களா, ஒன்றுக்கு ஒன்று! ஆனால் நான் அந்த அத்தியாயத்தை எப்படி வாசித்தேன்? அவள் அப்பா டக்கர், மகளையும் நாயையும் ஒன்றாக்கிச் செய்த அந்த உயிரைக் காட்டுகிற பக்கத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து முந்தைய பக்கங்களைப் புரட்டி, அந்தக் குழந்தையும் நாயும் விளையாடுகிற கட்டங்களை மறுபடி பார்த்தேன். அப்புறம்தான் அந்தப் பக்கத்தைத் திருப்ப மனம் வந்தது. ஓர் அத்தியாயத்துக்கு ஒரு மாலை முழுதும் போயிற்று. மங்காவில் கடிகாரம் வாசிப்பவன் கையில் இருக்கிறது. திரையில் அது அவர்கள் கையில். பக்கத்தில் உள்ளதை வரிக்கு வரி எடுத்து இருபத்து நான்கு நிமிடத்தில் ஓட்டிவிட்டால், நான் தண்ணீர் குடிக்கப் போன நேரம் எங்கே? பழைய குழு அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்தச் சகோதரர்களை டக்கர் வீட்டில் தங்கவைத்தது, தேர்வுக்குப் படிக்கவைத்தது, நீனாவோடு விளையாடவிட்டது. பிறகுதான் ஏழாவது எபிசோடில் கழுத்தைப் பிடித்தது. எது மங்காவை வாசித்த அனுபவத்துக்கு உண்மையானது? ஈயடிச்சான் காப்பி அடித்த பிள்ளை, புத்தகத்தில் செத்துக் கிடந்த ஈயையும் வரைந்து வைக்கும். புத்தகத்தைப் படித்தவன் எத்தனை முறை மூச்சை இழுத்துவிட்டான் என்பதை மட்டும் வரையாது.

இது ஒரு தொடரின் வியாதி என்றால் விட்டுவிடலாம். ஷாமன் கிங்கை 2021-இல் மறுபடி எடுத்தார்கள். 35 தொகுதி, 52 எபிசோட். கதையா அது, ரயில் ஜன்னல் வழியாகத் தெரிகிற தந்திக் கம்பம். ஒருவன் வருகிறான், தோற்கிறான், திருந்துகிறான், நண்பனாகிறான். நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் நால்வர் திருந்திவிடுகிறார்கள். ஹன்டர் ஹன்டரின் 2011 வடிவத்தைத்தான் இன்றைக்கும் உதாரணமாகக் காட்டுவார்கள், 148 எபிசோட், மங்காவை விட்டு அங்குலம் நகராதது என்று. அது மங்காவின் முதல் அத்தியாயத்திலேயே வருகிற கைட்டைத் தூக்கிவிட்டுத்தான் தொடங்குகிறது! கதைநாயகன் கோன் வீட்டை விட்டுக் கிளம்பக் காரணமே அந்த மனிதன். 1999 தொடரின் முதல் எபிசோடில் அவன் இருக்கிறான். புதியதிலோ எழுபத்தைந்து எபிசோட் கழித்து, ஐயோ இவன் தேவைப்படுகிறானே என்று ஞாபகம் வந்து, பழைய நினைவாகச் செருகுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை விட்டுவிட்டு முகூர்த்தத்தன்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினது மாதிரி.

ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்டைச் சொல்லாதீர்கள். தெரியும். 2001-இல் 26 எபிசோடோடு அந்தரத்தில் நின்றது. எழுதிய தகாயா நட்சுகிக்கே பிடிக்கவில்லை. குரல் கொடுத்தவர்கள் முதல் எல்லோரும் புதியவர்களாக இருக்க வேண்டும் என்று கேட்டு, 2019 முதல் 2021 வரை 63 எபிசோடில் முழுக் கதையும் வந்தது. நான் அதைப் பார்த்தேன். அழுதேன். கியோவின் மழை நாளுக்கு மட்டும் இரண்டு முறை அழுதேன். ஆனால் இப்போது நான் கோபமாக இருக்கிறேன், ஆகவே அதைக் கணக்கில் சேர்க்கப் போவதில்லை.

நேற்றிரவுக்கு வருகிறேன். ஒரு வழியாக 25-ஆவது எபிசோடுக்கு வந்து சேர்ந்தோம். நடுவில் எத்தனை சிவப்பு என்று நான் எண்ணவில்லை, எண்ணினால் ரத்த அழுத்தம் ஏறும். ஹியூஸின் சவ அடக்கம். அப்பாவை ஏன் மண்ணில் புதைக்கிறார்கள், அவருக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று எலிசியா அழுகிறாள். நான் மூக்கை உறிஞ்சினேன். பையன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பட்டியலைப் பார்த்தான்.

"இது பச்சை மாமா. மங்காவில் இருக்கிறது" என்றான், அழுவதற்கு அனுமதி கொடுப்பதுபோல.

அவள் பிறந்ததைத் தாண்டிவிட்டு, அவள் அப்பாவைப் புதைப்பதற்கு மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறாயே என்று கத்தினேன். சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, யார் செத்தது என்று கேட்டாள். ஹியூஸ் என்றேன். எந்த ஊர் என்றாள்.

இனி வாய்ப்பேச்சு உதவாது, புத்தகத்தையே எடுத்து வைத்து அந்தப் பக்கத்தில் எத்தனை கட்டம், எவ்வளவு வெற்றிடம், எங்கே கண் நிற்கும் என்று விரல் வைத்துக் காட்டுகிறேன் என்று அலமாரியைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து.

ஐந்து?

நான்காம் தொகுதி இல்லை. ஹியூஸ் சாகிற தொகுதி மட்டும் இல்லை. அலமாரியில் அந்த இடத்தில் ஒரு விரல் கனத்துக்கு இருட்டு. நின்று யோசித்ததில் நினைவு வந்தது. 2011, விடுதி, எதிர் அறை, "ஒரே வாரம், கைபடாமல் தருகிறேன்."

பையன் என் தோளில் கை வைத்தான். "விடுங்கள் மாமா. அந்தத் தொகுதி இல்லாவிட்டால் என்ன? பிரதர்ஹுட்டில்தான் அப்படியே இருக்கிறதே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா மறுபடி எட்டிப் பார்த்தாள், இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

மங்காவை யாரும் எப்படியும் எடுத்துக்கொள்ளட்டும். எதிர் அறை ஐயா, நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும்; போன மாதம்கூட உங்கள் வீட்டுப் புத்தக அலமாரியைப் படம் பிடித்துப் போட்டிருந்தீர்கள், நான் பெரிதாக்கிப் பார்த்தேன், இரண்டாவது தட்டு, இடமிருந்து ஏழாவது. தபால் செலவை நானே தருகிறேன். அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் என்று சொல்லி வாங்கிப் போனீர்கள், எலிசியா இந்நேரம் பள்ளிப் படிப்பையே முடித்திருப்பாள்.