மாட்டுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர்

கிரேக்கச் சொல் ஒன்றை எடுத்து, அதே போல ஒலிக்கும் தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் வைத்து, "இது நம்மிடமிருந்து போனது" என்று எழுதும் பதிவுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழ் மேல் உள்ள பாசம்தான், புரிகிறது. ஆனால் சொல்லின் வேரைக் காதை மட்டும் நம்பித் தேட முடியாது.

பழங்கிரேக்கத்தில் மாட்டுக்குப் பெயர் பூஸ். 'பம்பரம்' என்பதில் இரண்டாவதாக வரும் 'ப' மாதிரி அழுத்திச் சொல்ல வேண்டும். காளை, பசு இரண்டுக்கும் இதே சொல்தான். ஹோமரின் இலியட் காவியத்தில் பொருளுக்கு விலை சொல்வதே மாட்டுக் கணக்கில்தான்: கிளௌகஸ் என்ற வீரன் 100 மாடு பெறும் பொற்கவசத்தைக் கொடுத்துவிட்டு, 9 மாடு பெறும் வெண்கலக் கவசத்தை வாங்கிக்கொள்கிறான்.

இந்த பூஸும், சமஸ்கிருத 'கௌ'வும், ஆங்கில 'கவ்'வும் ஒரே வேரில் பிறந்தவை. பூஸுக்கும் கௌவுக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்கத் தோன்றும். ஒன்றை மட்டும் பார்த்தால் தெரியாது, வரிசையாகப் பார்க்க வேண்டும். கனமானது என்பதற்கு சமஸ்கிருதத்தில் குரு, கிரேக்கத்தில் பாருஸ். போவதற்கு அங்கே கம், இங்கே பாய்னோ. அங்கே 'க' வரும் இடத்தில் இங்கே 'ப'. இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மூல மொழியில் இருந்தது 'க்வ' போன்ற ஒற்றை ஒலி. அது கிரேக்கத்தில் ஒரு பக்கம் போனது, சமஸ்கிருதத்தில் இன்னொரு பக்கம் போனது. நம் பாலும் பத்தும் கன்னடத்தில் ஹாலு, ஹத்து என்று ஆகவில்லையா, அப்படித்தான்.

அப்படியே ஒலிக்கும் சொற்கள் உறவே இல்லாமலும் இருக்கும். கடவுளுக்குக் கிரேக்கத்தில் தியோஸ், லத்தீனில் தேயுஸ். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. வேர்கள் வேறு வேறு.

நம் ஆவும் மாடும் இந்தக் குடும்பத்தில் இல்லை. இல்லாததால் தமிழுக்கு ஒரு குறைவும் கிடையாது. கோமாதா, கோசாலையில் உள்ள 'கோ' மட்டும் வடமொழி வழியாக வந்தது.

இதில் என்னை மிகவும் கவர்வது, கையில் சான்று கிடைப்பதற்கு முன்பே அறிஞர்கள் அந்த 'க்வ' ஒலியைக் கணக்கிட்டுச் சொல்லியிருந்ததுதான். மிகப் பழைய கிரேக்கத்தை எழுதப் பயன்பட்ட லீனியர் பி என்ற எழுத்தை, அதுவரை யாராலும் படிக்க முடியாததை, 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயர் படித்துக் காட்டினார். அப்புறம் கிரேக்க நாட்டின் பைலோஸ் அரண்மனையின் களிமண் பலகைகளில் மாடு மேய்ப்பவனுக்கான சொல் கிடைத்தது. பிற்காலக் கிரேக்கத்தில் அது பூகோலோஸ். சுமார் 3200 ஆண்டுப் பழைய அந்தப் பலகையில் அதன் முதல் எழுத்து 'ப' வரிசை அல்ல, 'க்வ' வரிசை.