குலை எடைக்கு யார் பொறுப்பு? தோட்டக் கம்பெனி சிஐஓக்களின் தலைவலி

சிஐஓ, அதாவது பெரிய கம்பெனிகளின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் என்று பேச்சு வந்தாலே கிளவுட், ஏஐ, டிஜிட்டல் மாற்றம் என்று உரையாடல் பறந்துவிடுகிறது. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை மாதிரி ஒரு செம்பனைத் (பாமாயில் மரத்) தோட்டப் பட்டணத்திலிருந்து பார்த்தால் அந்தப் பதவியின் சங்கடம் வேறு இடத்தில் தெரியும். கோலாலம்பூரில் கையெழுத்தாகி வாங்கும் மென்பொருள் கடைசியில் வந்து நிற்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், வெட்டிய செம்பனைக் குலை அடுக்கும் பிளாட்பாரத்தில், ஆலை வாசல் தராசில். இந்த மூன்று இடத்திலும் சிஐஓ சொல்லுக்கு மதிப்பில்லை. அங்கே தோட்டத் துரையும் ஆலை மேனேஜரும் வைத்ததுதான் சட்டம். கணக்கு கெட்டுப்போனால் மட்டும் பழி நேராக ஐடி தலையில் வந்து விழும்.

ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம்.

பல தோட்டங்களில் குலை வெட்டுக்குக் கூலி டன் கணக்கில். ஆனால் பிளாக்கில், அதாவது தோட்டத்தின் ஒரு பகுதியில், யாரும் குலையை நிறுப்பதில்லை, எண்ணுகிறார்கள். ஆள் நம்பர், பிளாக் நம்பர், பழுத்த குலை எத்தனை, காய் எத்தனை, உதிரிப்பழம் எத்தனை மூட்டை என்று மண்டோர், அதாவது வேலை மேற்பார்வையாளர், போனில் தட்டுகிறார். இந்த எண்ணிக்கையைக் கிலோவாக மாற்றுவது 'சராசரிக் குலை எடை' என்று சிஸ்டத்தில் பிளாக்வாரியாகப் பதிந்திருக்கும் ஓர் எண். இளம் மரத்துக் குலை ஐந்தாறு கிலோதான் இருக்கும், மூத்த மரத்தில் இருபதைத் தாண்டும். ஆகவே மரம் வளர வளர அந்த எண்ணும் ஏறவேண்டும்.

அது ஏறவில்லை என்றால்? ஓர் ஆள் ஒரு நாளில் 90 குலை வெட்டுகிறார் என்று வையுங்கள். உண்மைச் சராசரி 18 கிலோ, சிஸ்டத்தில் இருப்பதோ போன வருஷத்து 15 கிலோ. அவர் வெட்டியது 1,620 கிலோ, கணக்கில் ஏறுவது 1,350. டன்னுக்கு 40 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டால் ஒரு நாளைக்கு 10 வெள்ளி 80 காசு போச்சு. 25 நாள் வேலைக்கு 270 வெள்ளி. மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை. சர்வர் ஓடுகிறது, ரிப்போர்ட் அழகாக வருகிறது, டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. உழைத்தவர் சம்பளச் சீட்டு மட்டும் பொய் சொல்கிறது.

அந்த எண்ணை மாற்றும் உரிமை யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். பயிர் ஆலோசகர் தன்னுடையது என்பார். ஆலை எடையை வைத்து நாங்கள்தான் கணக்குப் போடுகிறோம் என்று தோட்ட ஆபீஸ் சொல்லும். மாத நடுவில் கை வைக்கக் கூடாது என்று கணக்குத் துறை தடுக்கும். நாங்கள் சேமித்து வைப்பதோடு சரி என்று ஐடி ஒதுங்கும். கடைசியில் அதைத் தட்டுவது தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி, ஏனென்றால் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது. யார் எப்போது எதிலிருந்து எதற்கு மாற்றினார்கள் என்ற பதிவும் பல இடங்களில் கிடையாது.

செய்ய வேண்டியது ஒன்றும் பிரமாதமில்லை. பிளாக்வாரியாகக் கடந்த மூன்று மாத ஆலை எடையை அதே மூன்று மாதக் குலை எண்ணிக்கையால் வகுத்துப் புதிய சராசரியை எடுக்க வேண்டும். பழைய எண்ணுக்கும் புதியதற்கும் பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சிஸ்டம் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். ஒருவர் பதிந்து இன்னொருவர் ஒப்புதல் தரவேண்டும். எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதும் கூடவே பதிவாக வேண்டும். நிரல் எழுத ஒரு வாரம் போதும். அந்த எண்ணுக்கு 'இவர்தான் சொந்தக்காரர்' என்று ஒரு பெயரை எழுதி, தோட்டச் செயல்பாட்டுத் தலைவரிடம் கையெழுத்து வாங்க ஆறு மாதம் ஆகும். சிஐஓவுக்குச் சம்பளம் கொடுப்பது அந்த ஆறு மாத வேலைக்குத்தான் என்பது என் கருத்து.

போன் லைன், அதாவது சிக்னல் விஷயத்துக்கு வருவோம். 2021 கடைசியில் நாட்டில் 3ஜி நிறுத்தப்பட்டது. பட்டணத்தில் 4ஜி தாராளம், பள்ளத்துப் பிளாக்கில் ஒரு கோடு கூட வராது. ஹோட்டல் அறையில் வைஃபையில் காட்டிய ஆப்பை வாங்கி வந்து இங்கே கொடுத்தால் மண்டோர் மறுநாளே பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுவார். அவரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகாது. குறைந்தது மூன்று நாள் பதிவை லைன் இல்லாமல் போனிலேயே வைத்திருக்க ஆப்பால் முடிய வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி அடையாள எண் விழ வேண்டும். இல்லையென்றால் பாதியில் லைன் அறுந்து மறுபடி அனுப்பும்போது ஒரே குலை இரண்டு தடவை கணக்காகும். போன் கடிகாரம் ஒரு நாள் பின்னால் இருந்தால் திங்கட்கிழமை வேலை ஞாயிற்றுக்கிழமையில் போய் உட்கார்ந்து ஓய்வுநாள் கூலியாக மாறும், ஆகவே ஆபீஸ் வைஃபையைத் தொடும்போதெல்லாம் சர்வர் நேரத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பட்டன்கள் ஈரக் கையுறையோடு அழுத்தும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். சோதனை ஓட்டத்தை இருப்பதிலேயே மோசமான பிளாக்கில், நவம்பர், டிசம்பர் மழையில் நடத்த வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். பாதி விற்பனையாளர்கள் அந்த வரியைப் பார்த்ததுமே கழன்றுகொள்வார்கள். நல்லதுதான்.

முகத்தைக் காட்டி வருகைப் பதியும் கருவியும் இப்போது ஃபேஷன். பெரட்டு நேரம் விடியாத இருட்டு, தலையில் தொப்பி, கழுத்தில் துண்டு. கருவி திணறும். 2024 திருத்தத்துக்குப் பிறகு முகம், கைரேகை போன்ற பயோமெட்ரிக் தகவல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உணர்வுமிகு தரவாகிவிட்டது. வாங்கும் முன்னே சட்டப் பிரிவைக் கேளுங்கள்.

சம்பள சிஸ்டத்தை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம். 1955 வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் பணம் கையில் இருக்க வேண்டும். 'சிஸ்டம் மாற்றுகிறோம்' என்பது சட்டத்தில் காரணமாகாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் தீராத பிழைகளோடு புதிய சம்பள சிஸ்டத்தைத் திறந்துவிட்டது. சிலருக்குக் குறைவாக, சிலருக்குக் கூடுதலாக, சிலருக்கு ஒன்றுமே வராமல் போனது. மொத்தச் செலவு 1.2 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரை போகும் என்று கணக்கிடப்பட்டது, 2013இல் விசாரணை ஆணையத்தின் அறிக்கையும் வந்தது. தோட்டத்தில் பழைய சிஸ்டத்தையும் புதியதையும் குறைந்தது இரண்டு முழு மாதம் ஒன்றாக ஓட்டுங்கள். மொத்தத் தொகையை மட்டும் ஒத்துப் பார்ப்பது போதாது, ஏனென்றால் ஒருவருக்குக் குறைந்தது இன்னொருவருக்குக் கூடினால் கூட்டுத்தொகை சரியாகவே வரும். ஆள்வாரியாக, காசு வரைக்கும் பார்க்க வேண்டும். இரண்டில் ஒரு மாதம் பண்டிகை விடுமுறை உள்ளதாக இருந்தால் நல்லது, மறைந்திருக்கும் விதிகள் எல்லாம் அப்போதுதான் தலை காட்டும்.

எஸ்ஏபி கம்பெனியின் பழைய நிர்வாக மென்பொருளான இசிசி 6.0இன் பிந்தைய பதிப்புகளை வைத்திருப்பவர்களுக்கு 2027 கடைசியோடு வழக்கமான ஆதரவு முடிகிறது, கூடுதல் பணம் கட்டினால் 2030 வரை போகலாம். அந்த அவசரத்தில் சம்பளத்தையும் சேர்த்து ஒரே இரவில் மாற்ற நினைப்பவர்கள் குவீன்ஸ்லாந்து விசாரணை அறிக்கையை ஒருமுறை படிக்கட்டும்.

இனி தராசு. ஆலை வாசலில் லாரி ஏறி நிற்கும் தராசின் எடை, ஆர்எஸ்-232 என்ற பழைய வகைக் கேபிள் வழியாக ஒரு பழைய கணினிக்குப் போகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, தராசு அறைகளில் அதைவிடப் பழையதும் ஓடிக்கொண்டிருக்கிறது. புதுக் கணினியில் அந்தக் கேபிள் செருக இடமே இல்லை. யுஎஸ்பி மாற்றி போட்டால் போர்ட் எண் மாறி எடை வராது. மென்பொருள் எழுதியவர் கடையை மூடிப் பல வருஷம். அதனால் யாரும் தொடுவதில்லை, அதே கணினியில் யார் யாரோ பென்டிரைவ் செருகிப் பாட்டும் கேட்கிறார்கள்.

ரேன்சம்வேர், அதாவது கணினியைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் நிரல், வந்தால் முதலில் சாவது அந்தக் கணினிதான். தராசு நின்றால் லாரி நிற்கும். குலை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகாவிட்டால் அமிலம் ஏறும், கச்சா எண்ணெயில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலை அடி வாங்கும். இதற்கு மலிவான மருந்து இருக்கிறது. தராசுக் கணினியை ஆலை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, இணையத்தைத் துண்டித்து, தராசு சர்வரோடு பேச ஒரே ஒரு வழியை மட்டும் விடுங்கள். அதே அமைப்போடு இன்னொரு கணினி அலமாரியில் தயாராக இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மாட்டி உண்மையான லாரியை நிறுத்துப் பாருங்கள். வரிசை எண் அச்சிட்ட கைச்சீட்டுப் புத்தகம் இரண்டும் அங்கேயே இருக்கட்டும்.

2024 ஆகஸ்டு 26 முதல் நடப்பிலுள்ள இணையப் பாதுகாப்புச் சட்டம் விவசாயத்தையும் தோட்டத்துறையையும் 11 முக்கியத் துறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதன்கீழ் குறிக்கப்பட்ட நிறுவனம், தாக்குதல் தெரிந்தவுடன் அறிவித்து ஆறு மணி நேரத்துக்குள் விவரம் தரவேண்டும். தவறினால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், பத்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இரவு இரண்டு மணிக்குத் திரை சிவப்பாக மாறியதைப் பார்க்கும் ஷிப்டு ஆளுக்கு யாரைக் கூப்பிடுவதென்று தெரியுமா? மலாய், தமிழ், வங்காளம், நேப்பாளி என்று நான்கு மொழியில் ஒரு தாள், இரண்டு போன் நம்பர், 'நெட்வொர்க் கேபிளைக் கழற்று, கணினியை அணைக்காதே' என்று ஒரு வரி. லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய கருவிக்கு முன்னால் இதைச் சுவரில் ஒட்டுங்கள்.

பேக்கப் இருக்கிறது என்று யாராவது சொன்னால் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். 2017 ஜூனில் மார்ஸ்க் கப்பல் கம்பெனியை நாட்பெட்யா என்ற நாசகார நிரல் அழித்தபோது, யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்று முடிவு செய்யும் டொமைன் கண்ட்ரோலர் சர்வர்கள் உலகம் முழுக்க எல்லாம் ஒன்றுக்கொன்று நகலாக இருந்ததால் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன. கானாவில் மின்வெட்டால் அணைந்து கிடந்த ஒன்று மட்டும் தப்பியது. அதை வைத்துத்தான் எழுந்தார்கள், பத்து நாளில் 4,000 சர்வர், 45,000 கணினி. நம் தோட்டங்களில் மின்வெட்டுக்குப் பஞ்சமில்லை என்றாலும் அதையே திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது.

வெளியாளிடம் வேலையைக் கொடுத்துவிட்டால் பொறுப்பும் போய்விட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் சிஸ்டம் மாறியபோது வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் தவித்தார்கள். வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் வேறு 85 வெளி நிறுவனங்களை நம்பியிருந்தார். அந்த ஒப்பந்தக்காரரை ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை என்று 2023இல் வங்கியின் முன்னாள் சிஐஓவுக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் விழுந்தது.

இவ்வளவும் தலைமேல் இருக்க, 2024 ஆகஸ்டிலிருந்து 2025 அக்டோபருக்குள் வந்து இறங்கியவற்றைப் பாருங்கள். மின் விலைப்பட்டியல், இணையப் பாதுகாப்புச் சட்டம், குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, தரவுப் பாதுகாப்பு அதிகாரி நியமனம், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2 விழுக்காடு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி). ஒவ்வொன்றுக்கும் சிஸ்டத்தைத் திறந்து வேலை செய்ய வேண்டும், ஒன்றுக்கும் தனி பட்ஜெட் கிடையாது. இதற்கு நடுவில் நிர்வாகக் குழு 'நம்மிடம் ஏஐ எங்கே' என்று கேட்கிறது. சராசரிக் குலை எடையே தப்பாக இருக்கும் தரவை ஏஐயிடம் கொடுத்தால் தப்பான விளைச்சலை நாலு தசமப் புள்ளி வரை துல்லியமாகச் சொல்லும்.

இப்படிப்பட்ட கம்பெனியில் சிஐஓ கணக்குத் தலைவருக்குக் கீழே இருந்தால் வேலை நடக்காது. நேராகத் தலைமை நிர்வாகிக்குக் கீழே இருக்க வேண்டும், தோட்டச் செயல்பாட்டுக் கூட்டத்தில் ஒரு நாற்காலி வேண்டும். புதிதாகப் பதவி ஏற்பவர் முதல் மாதத்தில் ஒரு சம்பளச் சீட்டைக் கையில் எடுத்து, அதிலிருக்கும் டன் கணக்கைப் பிளாட்பாரம் வரை பின்னோக்கிப் போய்த் தேடட்டும். எந்த இடத்தில் நூல் அறுகிறதோ அங்கிருந்து பட்ஜெட் போடட்டும். வழி தெரியாவிட்டால் தோட்டத்துக் கிராணியைக் கேட்கலாம், மூத்த கிராணிகள் பலருக்கு எந்தப் பிளாக்கில் எண் பொய் என்று மனப்பாடமாகவே தெரியும்.