அவருக்கு நம்மைத் தெரியாது

என்னிடம் ஒரு பழைய கையெழுத்து இருக்கிறது. கோடு போட்ட நோட்டுத் தாளில், நீல மையில், ஒரு புகழ்பெற்ற விளையாட்டு வீரர் போட்டுத் தந்தது. அதன் கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு கிளம்பித் தாளின் ஓரம் வரை கோணலாக இழுத்துக்கொண்டு போகிறது. பல வருடங்கள் அந்தக் கோட்டை அவருடைய கையெழுத்தின் அழகு என்றே நான் நண்பர்களிடம் காட்டிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் அது குழந்தை சரிந்த கணம். ரயில் நிலையத்தில், நடைமேடையின் ஓரத்தில், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நின்றிருந்தார். எனக்கு அப்போது 19 வயது. நோட்டையும் பேனாவையும் நீட்டினேன். “குழந்தை தூங்குது தம்பி” என்று மெதுவாகச் சொன்னார். “ஒரே ஒரு கையெழுத்து சார், ஒரு நிமிஷம்தான்” என்றேன். அவர் குழந்தையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றி, நோட்டைத் தூணில் வைத்து அழுத்தி எழுதத் தொடங்கினார். பாதியில் குழந்தை நழுவியது. அவர் சட்டென்று பிடித்தார். பேனா இழுத்துக்கொண்டு போயிற்று. குழந்தை விழித்து வீறிட்டு அழ, அதற்குள் என்னைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் சூழ்ந்துவிட்டார்கள். நான் நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடிவிட்டேன். என் மகள் என் தோளில் தூங்கிய நாட்களில்தான், அவளை எழுப்பாமல் ஒரு கதவைத் திறப்பதற்கே எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று உணர்ந்த பிறகுதான், அந்தக் கோட்டின் பொருள் எனக்கு விளங்கியது.

பிரபலமானவர்களை எதிர்பாராமல் சந்திக்கும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பற்றி இதை எழுதத் தோன்றியதற்கு அந்தத் தாள்தான் காரணம். நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: அந்தச் சந்திப்பில் நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வை நாம் மறந்துவிடுவதிலிருந்துதான் எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன.

மறந்துவிடுவது இயல்பானதுதான். 2018-இல் ராப் ஜென்கின்ஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒரு மனிதருக்குச் சராசரியாக ஏறத்தாழ 5,000 முகங்கள் தெரியும் என்று கணக்கிட்டது. உறவினர், நண்பர், அண்டை வீட்டார் மட்டுமல்லர், திரையிலும் செய்தியிலும் மட்டுமே பார்த்தவர்களும் அந்த எண்ணிக்கையில் அடங்குவார்கள். மூளை இவர்களைத் தனித்தனி அறைகளில் வைத்துப் பூட்டிக்கொள்வதில்லை. 2005-இல் கியான் கிரோகா குழுவினர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இன்றும் என்னை வியக்க வைக்கிறது. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தவர்களிடம் பல படங்களைக் காட்டியபோது, ஒருவரின் மூளையில் ஒரு நரம்பணு நடிகை ஜெனிஃபர் அனிஸ்டனின் வெவ்வேறு படங்களுக்கு மட்டும் துடித்து எழுந்தது. இன்னொருவரிடம் ஒரு நரம்பணு நடிகை ஹாலி பெர்ரியின் படத்துக்கும், எழுத்தில் காட்டிய அவருடைய பெயருக்கும் ஒன்றுபோல் எழுந்தது. நேரில் பார்த்தே இராத ஒருவருக்கு நம் தலைக்குள் அப்படி ஓர் இடம் இருக்கிறது.

ஆகவேதான் அந்த முகம் திடீரென்று எதிரே வந்து நின்றதும், யார் என்று நினைவுக்கு வருவதற்கு முன்பே நாம் புன்னகைத்துவிடுகிறோம். உளவியலாளர் ஜார்ஜ் மேண்ட்லர் 1980-இல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார்: பேருந்தில் ஒருவரைப் பார்க்கிறோம், தெரிந்த முகம் என்று உறுதியாகத் தோன்றுகிறது, ஆனால் அவர் நாம் வழக்கமாக இறைச்சி வாங்கும் கடைக்காரர் என்பது பிடிபடவில்லை. வழக்கமான இடத்தை விட்டு வெளியே வந்துவிட்ட முகத்துக்கு நேரும் கதி இது. புகழ்பெற்றவர்கள் எப்போதும் இடம் மாறிய முகங்களே. மேடையிலோ மைதானத்திலோ பார்த்தவர் மின்தூக்கியில் நமக்குப் பக்கத்தில் நிற்கும்போது, “இவர் நம் பழைய வாத்தியாரா, தூரத்து உறவா” என்று சில நொடிகள் தடுமாறி, பிறகுதான் பெயர் வந்து விழுகிறது. அந்தச் சில நொடிகளில் எழும் அன்பு உண்மையானது. அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆய்வாளர்கள் டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956-லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் நேயரின் கண்ணைப் பார்த்து, அவருடைய அறைக்குள் வந்து பேசுவதுபோல் பேசுகின்றன. கேட்பவருக்கு நாளடைவில் அந்தக் குரல் நண்பரின் குரலாகிவிடுகிறது. ஆனால் அந்த நட்பு ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே நடக்கிறது. “தொலைவிலிருந்து வரும் நெருக்கம்” என்று அவர்கள் அதைக் குறிப்பிட்டார்கள். கைபேசி வந்த பிறகு அந்தத் தொலைவு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு பக்கம் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து பாருங்கள். நீங்கள் பல வருடங்களாக ஒருவரை நேசித்து, இன்று எதிர்பாராமல் பார்க்கிறீர்கள். அவரோ, முன்பின் தெரியாத ஒருவர் கையில் ஏதோ ஒன்றுடன் தம்மை நோக்கி வேகமாக வருவதைப் பார்க்கிறார். 1980 டிசம்பர் 8 அன்று மாலை, நியூயார்க்கில் தம் வீட்டு வாசலில் ‘பீட்டில்ஸ்’ பாடகர் ஜான் லெனான் ஓர் இளைஞருக்கு இசைத்தட்டின் உறையில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதே இளைஞர் அன்றிரவு அதே வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார். நம்மைப் பார்த்ததும் பிரபலம் ஒருவரின் முகம் இறுகினால் அதைத் தலைக்கனம் என்று எழுதுகிறோமே, அந்த இறுக்கத்துக்குப் பின்னால் எத்தனை எச்சரிக்கைகள் இருக்கக்கூடும் என்று ஒரு முறையாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? நாம் நல்லவர் என்பது நமக்குத்தான் தெரியும். அவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

கையெழுத்துக் கேட்ட காலத்தைவிடப் படம் கேட்கும் காலம் இன்னும் கடுமையானது என்பது என் கருத்து. கையெழுத்து ஒருவரின் கையை மட்டும் கேட்டது. தற்படம் அவருடைய முகத்தை, தோளை, சிரிப்பை, அன்றைய மனநிலையைக் கேட்கிறது. அழுதுவிட்டு வந்தவரும் சிரிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ‘செல்ஃபி’யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது 2013-இல், அதற்குச் சில வருடங்களுக்குள்ளேயே, 2017-இல், ஹாரி பாட்டர் படங்களின் நடிகை எம்மா வாட்சன் ரசிகர்களுடன் படம் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டதாக ஒரு பேட்டியில் சொன்னார். அவர் சொன்ன காரணம் எளிமையானது: படம் வலையேறிய மறுநொடியே, தாம் எங்கே இருக்கிறோம், என்ன உடுத்தியிருக்கிறோம், யாருடன் இருக்கிறோம் என்பதெல்லாம் உலகுக்குத் தெரிந்துவிடுகிறது. ஹாரி பாட்டரைப் பற்றி எத்தனை கேள்விகள் வேண்டுமானாலும் கேளுங்கள், உட்கார்ந்து பதில் சொல்கிறேன், படம் மட்டும் வேண்டாம் என்று ரசிகர்களிடம் சொல்வதாகவும் அவர் கூறியிருந்தார். உட்கார்ந்து பேசுவதற்கு முன்வரும் ஒருவரிடம் படம் கிடைக்கவில்லையே என்று முகம் சுளிப்பவர், உண்மையில் யாரைச் சந்திக்க விரும்பினார்?

“நம்மால்தானே அவர்களுக்குப் பணமும் புகழும் வந்தன, ஒரு நிமிடம் நின்றால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டுக்காகப் பாடகருக்கு நாம் கொடுத்ததும், ஆட்டத்துக்காக ஆட்டக்காரருக்குக் கொடுத்ததும், நமக்கு ஏற்கெனவே திரும்பி வந்துவிட்டன. அந்தப் பாட்டைக் கேட்டோம், அந்த ஆட்டத்தைப் பார்த்தோம். கணக்கு அங்கேயே தீர்ந்தது. குழந்தையைத் தோளில் சுமந்தபடி ரயிலுக்குக் காத்திருப்பது அந்தக் கணக்கில் சேராது. அந்த ஒரு நிமிடமும் நம் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் ஒன்று. அவர் பக்கத்தில் அது நாள் முழுவதும் நாற்பது, ஐம்பது பேர் ஒவ்வொருவராகக் கேட்கும் ஒரு நிமிடம். புத்தக வெளியீடு, ரசிகர் சந்திப்பு என்று அதற்காகவே அவர் வந்து அமரும் இடங்கள் இருக்கின்றன. அங்கே வரிசையில் நின்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

அதற்காக, பார்த்தும் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதுதான் நாகரிகம் என்றும் நான் சொல்ல வரவில்லை. அந்தக் கட்சியுடனும் எனக்கு உடன்பாடில்லை. ஒருவருடைய எழுத்தோ இசையோ நம் வாழ்வின் ஒரு கெட்ட காலத்தைக் கடக்க உதவியிருந்தால், அதை அவரிடம் நேரில் சொல்ல ஒரு வாய்ப்பு வரும்போது சொல்லாமல் விடுவது ஒரு வகையில் கடன் பாக்கி. ஆனால் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. “நான் உங்கள் தீவிர ரசிகன்” என்பதை அவர் ஆயிரம் முறை கேட்டிருப்பார். அதற்கு நன்றி என்பதைத் தவிர அவரால் எதுவும் சொல்ல முடியாது. “என் அப்பா படுக்கையில் இருந்தபோது உங்கள் அந்த ஒரு கதையைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டச் சொன்னார்” என்பது வேறு. அதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல், நாமே முதலில் விடைபெற வேண்டும். அவர் பேச விரும்பினால் அவரே நிறுத்துவார். அவருடன் நிற்பவரையும் பார்த்து ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். பிரபலங்களின் மனைவியும் கணவரும் நண்பர்களும் தெருவில் காற்றைப்போல் ஆகிவிடுகிறார்கள், நாம் அவர்களை ஊடுருவிப் பார்க்கிறோம். உணவு மேசையிலும் மருத்துவமனையிலும் துக்க வீட்டிலும் இந்த இரண்டு வாக்கியங்கள்கூட வேண்டாம்.

தற்செயல் சந்திப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1860-களில், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், ஜெர்சி சிட்டி ரயில் நிலையத்தில் நடந்தது. இரவு நேரம், படுக்கைப் பெட்டியில் இடம் வாங்கப் பயணிகள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். நெரிசலில் ஓர் இளைஞர் பெட்டியோடு அழுத்தப்பட, ரயில் நகரத் தொடங்கியது. கால் தவறி, நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள சந்துக்குள் இறங்கிவிட்டார். யாரோ அவருடைய மேலங்கியின் கழுத்துப்பட்டையைப் பற்றி இழுத்து மேலே நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால், நாடெங்கும் பெயர்பெற்ற நாடக நடிகர் எட்வின் பூத். இளைஞர் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறினார். அந்த இளைஞர் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் மகன் ராபர்ட் என்பது பூத்துக்கு அப்போது தெரியாது. பிறகு நண்பர் ஒருவரின் கடிதத்தின் வழியாகத்தான் தெரிய வந்தது. 1865 ஏப்ரலில் லிங்கனைச் சுட்டவர் இதே எட்வின் பூத்தின் தம்பி என்பதால் இந்த நிகழ்ச்சியை விதியின் விளையாட்டாகவே பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் ஒட்டிக்கொண்டது வேறு ஒன்று. அந்த இரவில், தெரிந்தவர், தெரியாதவர் என்ற கணக்கு எதுவும் பூத்திடம் இல்லை. ஒரு மனிதர் விழுகிறார், பூத் கைக்கு எட்டிய சட்டையைப் பிடிக்கிறார். காப்பாற்றப்பட்டவரும் பெயரைச் சொல்லி நன்றி கூறியதோடு நின்றுகொண்டார். 1909-இல் எழுதிய கடிதத்தில்கூட, அந்தச் சந்து எப்படி இருந்தது, பிடி எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதைத்தான் ராபர்ட் நினைவுகூர்கிறார்.

கடந்த ஆண்டு என் அம்மாவை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போயிருந்தேன். காத்திருப்புக் கூடத்தில், எங்களுக்கு அடுத்த இருக்கையில் ஒரு பெண்மணி வந்து அமர்ந்து, கோப்பிலிருந்த தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். “இந்தப் படிவத்தை இங்கேயே கொடுக்கணுமா, உள்ளேயா?” என்று செவிலியரிடம் கேட்டார். முகத்துக்கு முன்பே குரல் என்னைப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் இருபது வருடங்களுக்கு மேலாகக் காலையில் ஒலிக்கும் குரல் அது. என் கை தன்னிச்சையாகச் சட்டைப் பையிலிருந்த கைபேசிக்குப் போனது, அந்த நீலக் கோடு ஞாபகத்துக்கு வந்தது, கையை எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்கு எதிரே இருப்பவர் வெறும் நிழல்தான். அதனால் அம்மா வெகு சாதாரணமாக, “யாருக்கும்மா உடம்பு சரியில்லை?” என்று அவரிடம் கேட்டார். “எங்க அம்மாவுக்கு. உள்ளே இருக்காங்க” என்றார் அவர். பிறகு இருவரும் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இயந்திரம் போடும் சத்தம், முட்டி வலி, இரவில் தூக்கம் வராதது. “பயப்படாதே, எல்லாம் நல்லா வரும்” என்று அம்மா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தார். உள்ளிருந்து அழைப்பு வந்ததும் எங்கள் இருவருக்கும் தலையசைத்துவிட்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் யார் என்று சொன்னேன். அம்மா உடனே எதுவும் பேசவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, சிறிது நேரம் கழித்து என்னைப் பார்த்துக் கேட்டார்: “அவங்க அம்மாவுக்கு என்னன்னு கேக்காம விட்டுட்டேனே?”