47 வயதில் ஆய்வு எதற்கு என்று கேட்டவருக்கு

போன மாதம் ஒரு கல்லூரியில் பகுதிநேர முனைவர் பட்டப் பதிவைப் பற்றி விசாரிக்கப் போயிருந்தேன். அங்கே இருந்தவர் என் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எதுக்கு மேடம் இதெல்லாம்? ஊக்க ஊதியத்தைக்கூட நிறுத்திட்டாங்களே" என்றார். கூடுதல் பட்டம் வாங்கும் ஆசிரியருக்கு முன்பு கிடைத்த ஊதிய உயர்வைச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். ஆனாலும் தருமபுரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. அவருக்கு அங்கேயே சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

பென்னாகரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். ஆசிரியர் வேலைக்கு வந்து 23 வருடம், எச்.எம். ஆகி 9 வருடம். எங்கள் ஊரைச் சுற்றி எல்லாம் மானாவாரி நிலம். ராகியும் நிலக்கடலையும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், வெளியூர் வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி முன்பணத்தோடு வந்துவிடுவார். சில குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும், சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போகும். வெள்ளிக்கிழமை வகுப்பில் இருந்த பையன் திங்கட்கிழமை இருக்க மாட்டான். டிசி கேட்டு யாரும் வருவதில்லை. மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில், அவனை எங்கள் பள்ளிக் கணக்கிலிருந்து எடுத்துக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு அனுப்புவதா, இன்னும் ஒரு வாரம் பார்ப்பதா என்று ஒவ்வொரு வருடமும் எங்களுக்குள் பேச்சு நடக்கும்.

எச்.எம். ஆன முதல் வருடத்திலிருந்து இதற்காகத் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்த வாரம் போனான், அப்பா அம்மாவோடு போனானா, பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்களா, எப்போது திரும்பினான், திரும்பியதும் எந்த வகுப்பில் உட்கார வைத்தோம், அதன்பிறகு நிலைத்தானா என்று எழுதுவேன். மூன்று நோட்டு நிறைந்துவிட்டது. புரட்டிப் பார்க்கும்போது சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. பாட்டி வீட்டில் விடப்பட்ட பிள்ளையை முதல் இரண்டு வாரத்துக்குள் ஆசிரியர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பள்ளியில் நிலைத்துவிடுகிறது. நான்கு மாதம் கழித்துத் திரும்பும் பெண் பிள்ளையைப் பழைய தோழிகள் பக்கத்தில் உட்கார வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. எட்டாம் வகுப்புப் பெண் வருடக் கடைசியில் போனால் எனக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அடுத்து வருவது கல்யாணப் பேச்சு.

ஆனால் இதெல்லாம் எனக்குத் தோன்றுவது மட்டும்தான். ஏரியூர் பக்கம் இருக்கும் பள்ளிகளிலும் இப்படித்தானா? சித்தேரி மலையில் எப்படி? நாங்கள் செய்த ஏதோ ஒன்றால் பிள்ளைகள் பள்ளியில் நிலைத்தார்களா, அந்த வருடம் மழை நன்றாகப் பெய்ததால் குடும்பமே ஊரில் தங்கிவிட்டதா? இதைப் பிரித்துப் பார்க்க முறை தெரிய வேண்டும். நேரமும் போய்வரப் பணமும் வேண்டும்.

இந்த மூன்றையும் தருவதற்குத்தானே ஆய்வு உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது? தேடிப் பார்த்தேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) மாதம் 37,000 ரூபாய், ஆனால் வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 வருடம் தளர்வு. ஒருவர் எச்.எம். நாற்காலியில் உட்காரும் வயதுக்கு வெகு முன்பே அந்தக் கதவு மூடிவிடுகிறது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டத்தில், பணியில் இருக்கும் பள்ளி ஆசிரியர்கள் ஒரு பருவம் அங்கே பல்கலைக்கழகத்தில் தங்கித் தங்கள் கேள்வியை ஆராய ஒரு பிரிவு உண்டு. அனுபவத்தைத் தகுதியாகப் பார்க்கும் திட்டம் என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் என் கேள்விக்கான பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். மிச்சமிருப்பது பகுதிநேர முனைவர் பட்டம். 2022 யுஜிசி விதிப்படி அதற்கு வேலை செய்யும் இடத்திலிருந்து என்.ஓ.சி., அதாவது தடையின்மைச் சான்று, வேண்டும். முன்பு ஒருமுறை நான் கேட்ட என்.ஓ.சி. ஒரு அலுவலகத்தில் 14 மாதம் கிடந்தது. கையில் கிடைத்தபோது சேர்க்கை முடிந்திருந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ஊக்க ஊதியத்துக்காகவே பட்டம் வாங்கியவர்கள் எங்களில் நிறைய பேர் இருந்தார்கள். எழுதிய ஆய்வேடு பீரோவில் போய்ப் படுத்துக்கொள்ளும், பள்ளியில் ஒரு துரும்புகூட அசையாது. 2020 மார்ச்சில் அரசு அந்த ஊதிய உயர்வை நிறுத்தியபோது எனக்கும் வருத்தம்தான். ஆனால் நான் கேட்பது பட்டத்துக்கான பரிசு கிடையாது. பள்ளியை நடத்தும் வேலையைப் பற்றி, அதை நடத்துகிறவரே ஆராய்வதற்கான உதவி.

பள்ளித் தலைமை என்பது பெரிய ஆராய்ச்சித் துறை. பிள்ளைகளின் கற்றலைப் பாதிக்கும் பள்ளிக் காரணங்களில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்குத்தான் என்று 2004இல் கனடா ஆய்வாளர் லெய்த்வுட்டின் குழுவினர் எழுதினார்கள். நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரு தலைவர் செய்யும் வேலைகளில், ஆசிரியர்களோடு தானும் உட்கார்ந்து கற்றுக்கொள்வதற்குத்தான் அதிகப் பலன் தெரிந்தது. படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பள்ளிகளை வைத்துச் செய்தவை. மேஸ்திரி முன்பணம் கொடுத்த வாரத்தில் எச்.எம். என்ன செய்ய வேண்டும் என்று அவற்றில் இருக்காது. நம் நாட்டிலும் பள்ளித் தலைமைக்கென்று டெல்லியில் தேசிய மையம் ஒன்று 2012 முதல் இயங்குகிறது. எங்கள் கைக்கு வந்து சேர்வது பயிற்சி மட்டும்தான். கேள்வி கேட்கும் உரிமை வந்து சேரவில்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.54 சதவீதம். மாநிலத்துக்கு 80.09. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போனால் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டுத் தமிழ்வழி ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள். அங்குள்ள எச்.எம்.மின் கேள்வி வேறு. அவருக்கும் பல வருடப் பதில்கள் மனதில் இருக்கும், ஓய்வு பெறும் நாளில் மாலையோடு வீட்டுக்குப் போய்விடும்.

"சம்பளம் வாங்குறவங்களுக்கு எதுக்கு உதவித்தொகை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் ஆய்வுக்காக ஆறு மாதம் போனால் மூத்த பட்டதாரி ஆசிரியர் பொறுப்பு எச்.எம். ஆவார். அவர்தான் கணக்குப் பாடம் எடுப்பவர். கூட்டம், எமிஸ், காலை உணவு, பள்ளி மேலாண்மைக் குழு என்று அவர் ஓடினால் ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் கணக்கு இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் உதவித்தொகையின் முதல் ரூபாய் எனக்கு வேண்டாம், அந்த வகுப்புகளை எடுக்க வரும் தற்காலிக ஆசிரியருக்குப் போகட்டும். அதன்பிறகு பஸ் செலவு, புள்ளிவிவரம் சொல்லித்தர ஒருவர், அவ்வளவுதான்.

அப்புறம், இந்த உதவித்தொகைத் திட்டத்தை மாவட்டத்திலேயே டயட்டில், அதாவது மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில், வைத்து நடத்தலாம். ஆசிரியர் தன் வேலையைத் தானே ஆராயும் செயல் ஆராய்ச்சி அவர்களுக்குப் புதிதில்லை. 10 வருடமாவது பள்ளியில் இருந்தவர்கள் விண்ணப்பிக்கட்டும். வயது வரம்பு வேண்டாம், ஓய்வுக்கு 3 வருடம் மிச்சம் இருந்தால் போதும். தமிழில் எழுத அனுமதி வேண்டும். ஆய்வு முடியும் வரை மாறுதல் கலந்தாய்வில் அவரைத் தொடாதீர்கள். என்.ஓ.சி.க்கு 30 நாள் கெடு வையுங்கள். முடிவை அதே ஒன்றியத்தின் எச்.எம்.கள் முன்னால் வைத்துப் பேச வேண்டும், அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அந்த அவையைவிடக் கடினமான வாய்மொழித் தேர்வு இருக்க முடியாது.

எனக்கு 60 வயதாக இன்னும் 13 வருடம் இருக்கிறது. என்.ஓ.சி.க்கு மறுபடியும் விண்ணப்பம் எழுதிவிட்டேன், திங்கட்கிழமை கொடுக்கிறேன். ஏரியூர், அரூர், அஞ்செட்டி, தளி பக்கம் இருக்கும் எச்.எம்.கள் யாராவது இப்படி நோட்டு வைத்திருந்தால் இங்கே சொல்லுங்கள். மே விடுமுறையில் ஒரு நாள் தருமபுரியில் நோட்டுகளோடு உட்காருவோம். உதவித்தொகை வரும்போது வரட்டும், வாரங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை இப்போதே தொடங்கலாம்.