செஃபலூவில் கடலுக்கு வாடகை

இத்தாலியின் சிசிலித் தீவில் செஃபலூ என்று ஒரு கடற்கரை ஊர். தீவின் தலைநகரான பலெர்மோவிலிருந்து ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். போன ஜூலையில் இரண்டு நாள் அங்கே இருந்தேன். ஊரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மணலைப் பற்றித்தான் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது.

ஊருக்குப் பின்னால் 270 மீட்டர் உயரத்தில் ஒற்றைப் பாறை. தலை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ஊருக்கே பெயர். பாறையின் அடியில், மன்னர் இரண்டாம் ரோஜர் 1131இல் கட்டத் தொடங்கிய பேராலயம். புயலில் பிழைத்துக் கரை சேர்ந்ததற்கான நேர்த்திக்கடன் என்று ஊரில் கதை சொல்வார்கள். உள்ளே தங்கப் பின்னணியில் 1148ஆம் வருட மொசைக் கிறிஸ்து. கையில் விரித்த புத்தகத்தில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் லத்தீன், வசனம் ஒன்றேதான். அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. தன்னை இங்கேதான் அடக்கம் செய்ய வேண்டும் என்று ரோஜர் கல்பெட்டியெல்லாம் கொண்டுவந்து வைத்திருந்தார். பேரன் அதையும் பலெர்மோவுக்குத் தூக்கிப் போய்விட்டான்!

சரி, மணலுக்கு வருகிறேன். கோயிலிலிருந்து பொடிநடையாகப் போனால் கடல். தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தால் இரட்டைக் கோபுரமும் பாறையும் சேர்ந்து தெரியும். ஆனால் அந்தத் தண்ணீருக்குப் போகும் வழியெல்லாம் வரிசை வரிசையாக வாடகைக் குடை. தெரியாமல் ஒரு குடை ஓரமாகத் துண்டை விரித்துவிட்டேன். ஒரு பையன் வந்து, சிரித்த முகத்தோடு, விரலால் மணலில் ஒரு கோடு காட்டினான். என் துண்டு ஒரு முழம் உள்ளே இருந்ததாம்.

இத்தாலியில் கடற்கரை அரசின் சொத்து. அதைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். பல காலமாக ஏலமே இல்லாமல் அதே ஆட்களுக்குப் புதுப்பித்துக் கொடுத்து வந்தார்கள். ஏலம் விடச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு இழுபறி. 2024 ஆகஸ்ட்டில் ஒருநாள் காலை இரண்டு மணி நேரம் குடை விரிக்காமல் குத்தகைக்காரர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். நிழலுக்கும் நாற்காலிக்கும் காசு வாங்கட்டும், அது உழைப்பு. நல்ல இடத்தையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இலவச மணல் என்று மிச்சத்தில் ஊர் முழுவதையும் நெருக்கி உட்காரவைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இத்தனைக்கும் அதே ஊரில் தெருவிலிருந்து படியிறங்கினால் பழைய சலவைத்துறை இருக்கிறது. சிங்க வாய்களிலிருந்து ஆற்றுநீர் கல்தொட்டிகளில் கொட்டி, அப்படியே கடலுக்குப் போகிறது. ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி துவைத்த இடம். அங்கே யாரும் கோடு காட்டவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடலுக்குப் போனேன். குடைகள் மடங்கிக் கிடந்தன. மூன்று பாட்டிகள் இடுப்பளவு தண்ணீரில், தலையில் தொப்பியோடு, சத்தமாக ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றார்கள். நானும் கொஞ்சம் தள்ளி இறங்கினேன்.