வாசலில் புளிச்சை வையுங்கள்

"என்ன செடிங்கண்ணா இது? பெங்களூர்ல வாங்கினீங்களா? கலரா அழகா இருக்கே!"

போன புரட்டாசியில் வீட்டுக்கு வந்த சித்தப்பா மகள் கேட்டது இது. வாசலில் இடுப்பு உயரத்துக்கு நின்ற செடியை அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தண்டு கருஞ்சிவப்பு. காம்பும் சிவப்பு, இலை நரம்பும் சிவப்பு. காலை வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது இலை முழுக்க ரத்த ஓட்டம் தெரிவது போல இருக்கும். "புளிச்சக்கீரைம்மா" என்றேன். அவள் முகம் மாறிப்போனது. மாரண்டஅள்ளிப் பக்கம் அவள் பிறந்த வீட்டில், ராகிக் கொல்லையைச் சுற்றி வேலி போல நின்ற செடி அது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கொழுந்தைக் கிள்ளி உப்பில் தொட்டுத் தின்றவள்தான். இருபது வருடத்தில் அடையாளமே தெரியாமல் போய்விட்டது. அன்றிலிருந்து எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் முன்பு குரோட்டன்ஸ் இருந்தது. செடி ஒன்று 150 ரூபாய் என்று மூன்று வாங்கி வைத்தோம். எங்கள் போர் தண்ணீர் உப்பு. தினம் இரண்டு வேளை ஊற்றியும் சித்திரை வெயிலில் மூன்றும் கருகின. அதே மண்ணில் ஆடி மழைக்கு ஒரு பிடி புளிச்சை விதையை இறைத்தேன். உரம் என்று போட்டது ஒரு கூடை மாட்டெரு மட்டும். நடுவில் பதினைந்து நாள் மழையே இல்லாதபோதும் மதியம் தலை தொங்கும், மறுநாள் காலையில் நிமிர்ந்துவிடும்.

ஒரு தம்பி என்னிடம் வாதாடினான். "நாட்டுச் செடி வைக்கணும்னு சொல்றீங்க, புளிச்சையோட பூர்வீகம் ஆப்பிரிக்காண்ணா" என்றான். அவன் சொன்னது உண்மை. ஆனால் நாம் கிண்டும் ராகியும் கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலிருந்து வந்ததுதான். நம் ஊர்ச் சாலைகளுக்கு நிழல் தரும் புளியமரமும் ஆப்பிரிக்காவில் பிறந்ததுதான். அதற்காகப் புளியமரத்தை அந்நியன் என்று யாராவது சொல்வோமா? ஆடி மழையை நம்பி முளைத்து, தன் விதையைத் தானே தந்து, தலைமுறை தலைமுறையாக நம் சட்டியில் வெந்த செடிக்கு நாட்டுச் செடி என்ற பெயர் போதும் என்பது என் கட்சி. கன்னடம் பேசும் வீட்டில் அதற்குப் புண்டி என்று பெயர், தெலுங்கு பேசும் வீட்டில் கோங்கூரா. ராயக்கோட்டைச் சந்தையில் இந்த மூன்று பெயரையும் சொல்லி ஒரே கட்டைத்தான் வாங்குகிறார்கள்.

களியையும் புளிச்சையையும் பிரித்துப் பேசவே முடியாது. களியை மென்று தின்பதில்லை, உருட்டி விழுங்குகிறோம். களிக்கென்று பெரிய ருசி கிடையாது, தொண்டையில் வழுக்கி இறங்கப் புளிப்பும் காரமும் குழைவும் சேர்ந்த ஒன்று வேண்டும். என் ஆயா, அதாவது பாட்டி, மண்சட்டியில் கீரையோடு பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு போட்டு வேகவைப்பார். புளி போடவே மாட்டார், இலையிலேயே அவ்வளவு புளிப்பு. வெந்ததும் பச்சை போய் ஒரு மங்கின நிறம் வரும், அந்தப் புளிப்பு செய்கிற வேலைதான் அது. மத்தால் கடைந்து, கடலை எண்ணெயில் காய்ந்த மிளகாயும் கடுகும் தாளித்து ஊற்றுவார். களி உருண்டையின் நடுவில் கட்டை விரலால் ஒரு குழி, அதில் கடைசல். அலுமினியப் பாத்திரத்தில் இந்தக் கீரையை வைக்க விடமாட்டார். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆயாவுக்குச் சட்டி கறுத்ததைப் பார்த்தே தெரிந்திருக்கிறது.

2023இலிருந்து நம் தருமபுரி மாவட்ட ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தருகிறார்கள். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ராகி திரும்பி வந்த வீட்டுக்கு அதன் கூட்டாளி திரும்பவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். அந்தக் காலத்தில் ராகிக் கொல்லை என்றால் ராகி மட்டும் இருக்காது. சால் விட்டு அவரை, துவரை போடுவார்கள். இடையில் கடுகு இருக்கும், ஓரத்தில் ஆமணக்கும் புளிச்சையும் நிற்கும். இன்று ராகி தனிப்பயிர். அகன்ற இலைக் களையைக் கொல்லும் மருந்தை அடித்தால் புளிச்சையும் அதோடு போகிறது, ஏனென்றால் அந்த மருந்துக்கு இதுவும் அகன்ற இலைச் செடிதான். கொல்லையைத் தக்காளிக்கு விட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன், கடன் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வீட்டு வாசலுக்குக் கடன் இல்லையே?

வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், காலம் தவறாதீர்கள். சித்திரை, வைகாசி கோடை மழைக்கே விதைத்தால் மிக நல்லது, ஆடியைத் தாண்டவே கூடாது. பகல் பொழுது சுருங்க ஆரம்பித்ததும் புளிச்சை பூவுக்குப் போய்விடும், செடி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. ஒரு வருடம் நான் ஐப்பசியில் போட்டேன், முழங்கால் உயரம்கூட வராமல் பூத்துவிட்டது. கீரை இரண்டு முறைகூடக் கிடைக்கவில்லை. விதையை இரவே ஊறவையுங்கள். முளைத்து ஒரு அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை அடித்துப் புதர் கட்டும். அப்புறம் கிள்ளக் கிள்ள வரும். நிழலில் வைத்தால் சிவப்பு வெளுக்கும், அதனால் நல்ல வெயில் வேண்டும். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மாவுப்பூச்சி வரும். எறும்பு ஏறினால் அதுதான் முதல் அறிகுறி, அந்தக் கொழுந்தை ஒடித்து எரித்துவிடுவேன், மிச்சத்துக்கு வேப்பெண்ணெய்க் கரைசல்.

பச்சைத் தண்டுப் புளிச்சையும் உண்டு, அதில் புளிப்பு கொஞ்சம் குறைவு. இரண்டையும் நான் வைத்திருக்கிறேன், என் நாக்குக்குச் சிவப்புதான். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் அளவாகச் சாப்பிடுங்கள், இதில் ஆக்சலேட் அதிகம்.

பூ வந்தபின்னும் வெட்டிவிடாதீர்கள். வெளிர் மஞ்சள் பூ, நடுவில் அடர்சிவப்புக் கண், செம்பருத்தியின் சொந்தம் என்று பார்த்தவுடன் தெரியும். காலையில் மலர்ந்து அன்றைக்கே வாடிவிடும். தண்டை வீணாக்கியதில்லை அந்தக் காலத்தவர்கள். ஏரித் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் ஊறப்போட்டு நார் உரித்துக் கயிறு திரித்தார்கள். 1947இல் நாடு பிரிந்தபோது சணல் விளையும் நிலத்தில் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தான் (இன்றைய வங்கதேசம்) பக்கம் போய், ஆலைகள் கல்கத்தாவில் நின்றுவிட்டன. அப்போது சாக்கு நெய்ய இந்த நாரும் கைகொடுத்தது, மெஸ்தா என்ற பெயரில். வேலியோரச் செடி என்று நாம் நினைத்ததற்கு இப்படியும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

மார்கழி, தையில் காய் காய்ந்து வெடிக்கத் தயாராகும். காயில் மெல்லிய சுணை உண்டு, கையில் ஏறினால் அரிக்கும். ஆயா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பறிப்பார், நான் துண்டைச் சுற்றிக்கொள்கிறேன். நல்ல செடியாக நான்கைந்தைக் கிள்ளாமல் விதைக்கென்றே விட்டுவைக்க வேண்டும். விதையைச் சாம்பலில் புரட்டி மண் கலயத்தில் வைத்தால் அடுத்த ஆடிக்குப் பழுதில்லை.

இந்தத் தையில் எனக்குக் கால் படியாவது தேறும். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் இருப்பவர்கள் நேரில் வாருங்கள், ஆளுக்கு ஒரு பிடி தருகிறேன். காசு வேண்டாம். அடுத்த தையில் உங்கள் செடியிலிருந்து ஒரு பிடி திருப்பிக் கொடுங்கள். சித்தப்பா மகள் முதல் பிடியைக் கேட்டு வைத்திருக்கிறாள்.