நத்தை என்ன பாவம் செய்தது?

சனிக்கிழமை நம் மும்பைச் செம்பூர்ப் பூங்காவில், உள்ளே ஆள் நிற்குமளவு பெரிய அந்தப் பழைய நத்தைச் சிலையை இடிக்கத் தொடங்கியதை நீங்களே படம் பிடித்துப் போட்டுவிட்டீர்கள் என்பதால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. சிமென்ட் நத்தையின் இடது கொம்பு உடைந்துவிட்டது, சுற்றிலும் தகரம் அடித்தாகிவிட்டது, அந்த இடத்தில் இதயச் சின்னத்தோடு 'ஐ லவ் செம்பூர்' என்று இரவெல்லாம் ஒளிரும் எழுத்துகள் வரப் போகின்றனவாம். செம்பூரை நேசிப்பதாக அறிவிக்கும் முன் செம்பூர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் புகார் அவ்வளவுதான்: கேட்கவில்லை.

நத்தை அசிங்கமாக இருந்தது என்கிறார்கள். இருக்கட்டும். மலபார் ஹில்லில் கமலா நேரு பூங்காவில், ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் வரும் ஒரு கிழவியின் வீடாக ஆளுயரத்தைத் தாண்டிய காலணி ஒன்று நிற்கிறது. அந்தக் கிழவிக்கும் மும்பைக்கும் என்ன உறவு என்று இதுவரை யாரும் விசாரிக்கவில்லை. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் நாமே அழைத்துப் போய்க் காட்டுகிறோம். அங்கே நின்றால் அழகு, இங்கே நின்றால் குப்பை. சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் 1957 முதல் யாருக்கும் தெரியாமல் உடைந்த ஓடுகளையும் வளையல் துண்டுகளையும் வைத்துக் கட்டிய சிற்பத் தோட்டத்தை அதிகாரிகள் இடித்திருக்கலாம்; இடிக்காமல் 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நம் நத்தையின் முதுகிலும் உடைந்த டைல்ஸ் துண்டுகள்தான். ஒரு துண்டில் பாதி ரோஜாப்பூ இருக்கும், மீதிப் பாதியைத் தேடியே என் பள்ளிக்கூட மாலைகள் போயின.

1984இல் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்தபோது அவருக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. ஒரு மழை மாலையில் அந்த நத்தையின் வயிற்றுக்குள் ஒதுங்கி நின்ற பக்கத்துக் கட்டடத்துப் பெண்மணி, கூரையைத் தொட்டுக் காட்டி "கோகல்காய்" என்றாராம். மராத்தியில் நத்தை. அம்மாவோ அது ஏதோ காய் என்று நினைத்து, சாம்பாருக்கு ஆகுமா, பொரியலுக்கு ஆகுமா என்று சைகையில் கேட்டிருக்கிறார். அந்தச் சிரிப்பில் தொடங்கிய சிநேகம் அந்தப் பெண்மணி இறக்கும்வரை இருந்தது. இதை எந்த விண்ணப்பத்தில், எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நத்தையில் கம்பி வெளியே தெரிகிறதே, பாதுகாப்பு என்ன ஆவது என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். கேள்வி நியாயம்தான், மறுக்கவில்லை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், துரு உப்பும், மேலே இருக்கும் சிமென்ட் விரிந்து பெயரும். அப்போது தளர்ந்த சிமென்டைக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, பூச்சு கொடுத்து மறுபடி பூசுவார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் நம் குடியிருப்புச் சொசைட்டிக் கட்டடங்களில் பார்க்கிற வேலைதானே? கம்பி தெரிந்தால் இடித்துவிட வேண்டும் என்றால் நம்மில் பாதிப் பேர் இன்றிரவு நடைபாதையில்தான் படுக்க வேண்டும். செலவைப் பற்றிப் பேசுபவர்கள் அந்த எழுத்துகளின் மின்கட்டணத்தையும் சேர்த்துப் பேசட்டும்.

உங்கள் நினைவுகளைத் திருநெல்வேலியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பாராட்டுக்கு நன்றி. அங்கே எனக்கு இருப்பதெல்லாம் கோடை விடுமுறைகள் மட்டும்தான். அங்கே போனாலும் என்னைப் 'பம்பாய்க்காரர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கேயும் நான் ஊர்க்காரன் இல்லையென்றால், இத்தனை ஆண்டுகளாக வரி கட்டிய ஆசாமி யார் என்று அந்தத் தம்பியே விசாரித்துச் சொல்லட்டும். கேட்கவில்லை என்றுதானே சொன்னேன்? கேட்டு, பெரும்பாலோர் இடிக்கச் சொல்லியிருந்தால், வருத்தத்தோடு வாயை மூடிக்கொண்டிருப்பேன். அநேகமாக.

வலது கொம்பு இன்னும் நிற்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தகரத்துக்கு வெளியே இருப்பேன்; வர விரும்புபவர்கள் வரலாம். ஒளிரும் எழுத்துகளை வாயிலருகே நிறுத்திக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமே இல்லை, நானும் வந்து படம் எடுத்துக்கொள்கிறேன்.